டாக்டர் ஐடா அம்மையார்

பாலாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகக் கிடக்கும் ஆறு. ஆயினும், அதன் கரையை அடுத்தும் அதற்கு அணித்தாகவும் அமைந்த இராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் பெற்றவை. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிப் பதமான தோல்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, இலண்டன் மாநகரச் சந்தையில் விலையாயின. அவ்வாணிகத்தால் வளம் பெற்ற செல்வரின் மாளிகைகளும், தோல்தொட்டிகளில் நாள் முழுதும் உழைத்த ஏழைகளின் குடிசைகளும் இவ்வூர்களில் இருந்தன. வாழ்க்கை நிலையில் இவ்விரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை உண்டு. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டு இடங்களிலும் ஒரு துன்பம் பொதுவாக இருந்தது. பேறுகாலத்தில் பெண்ணுக்கு இடர் நேர்ந்தால் உதவுவதற்குப் பயிற்சி பெற்ற கை இல்லை. செல்வர் மனைகளில் கோஷா முறை ஆண் மருத்துவரை வாயிற்படியிலேயே நிறுத்தியது. ஏழையின் குடிசைக்கோ மருத்துவர் வருவதே அரிது. பெண்களே மருத்துவம் கற்றாலன்றி இத்துன்பம் தீராது என்பது வெளிப்படை. ஆனால், பெண்களுக்கு அக்கல்வியைத் தருவார் யார்? கற்ற பின் அவர்களைப் பணியில் அமர்த்துவார் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைக் கழித்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவர்தம் பாட்டனார் ஜான் ஸ்கடர் நியூயார்க்கு நகரில் நடத்திவந்த மருத்துவத் தொழிலை விட்டு, 1819இல் கீழ்த்திசை நோக்கிக் கப்பலேறியவர். யாழ்ப்பாணப் பகுதியில் பல்லாண்டு தொண்டாற்றிப் பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். அவருடைய மைந்தரும் பேரருமாகப் பலர் தமிழகத்தில் சமயப்பணியும் மருத்துவப்பணியும் புரிந்தனர். ஐடாவின் தந்தையாரும் மருத்துவரே. உடன்பிறந்த ஆண்மக்கள் பலருக்கிடையே ஒரே பெண்ணாக வளர்ந்தார் ஐடா.

அவர் சிறுமியாய் இருந்தபோது, 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. உணவின்றி நலிந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைத் தம் சிறு கையாலேயே ஊட்டும் நிலை அவருக்கு ஏற்பட்டது. வழியோரங்களில் கிடந்த பிஞ்சுடல்களைக் கண்ட கண்களுக்கு அக்காட்சி எளிதில் மறக்குமா? பின்னர் அமெரிக்கா சென்று பள்ளியிற் பயின்ற காலத்தில், இந்தியாவைப் பற்றிய நினைவே அவருக்குக் கசப்பாக இருந்தது. குடும்பத்தார் அனைவரும் சென்ற வழியில் தாமும் செல்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். நோயுற்ற தாயாருக்குத் துணையாக 1890இல் திண்டிவனத்திற்கு வந்தபோதும், விரைவில் திரும்பிவிடுவதே அவர் எண்ணமாக இருந்தது.

அவ்வெண்ணத்தை ஓர் இரவு மாற்றிற்று. இரவில் விளக்கொளியில் அமர்ந்திருந்த ஐடாவை நாடி ஓர் அந்தண இளைஞர் வந்தார். அவர்தம் இளம் மனைவி மகப்பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைக் காணலாகாது என்று மறுத்து அவர் திரும்பினார். சற்று நேரத்தில் முகமதியர் ஒருவர் வந்தார், அவருடைய குறையும் அதுவே, மறுப்பும் அதுவே. மூன்றாவதாக வேறொரு இந்துக் குடும்பத் தலைவர் வந்தார்; அவரும் அவ்வாறே திரும்பினார். விடிந்தபின் ஊருக்குள் ஆளனுப்பி உசாவியபோது, அம்மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பலரும் ஐடாவின் மனமாற்றத்தோடு நிறுத்திக்கொள்வர். இதில் கருதவேண்டிய மற்றொன்றும் உண்டு. அன்றிரவு திண்டிவனத்தில் மருத்துவர் இல்லாமற் போகவில்லை. திறமும் பட்டறிவும் வாய்ந்த மருத்துவர் அதே வீட்டில்தான் இருந்தார். மருந்தும் கருவிகளும் இருந்தன. நோயாளிக்கும் மருத்துவத்திற்கும் இடையே நின்றது வழக்கம் ஒன்றே. அவ்வழக்கம் ஒரு தலைமுறையில் மறையக் கூடியதன்று. ஆதலின், அதனைக் கடந்து உள்ளே செல்லக்கூடியவர்களை உருவாக்குவதே செய்யத்தக்கது. மருத்துவம் பயில்வதற்காக அமெரிக்கா திரும்ப வேண்டும் என்று ஐடா அன்று காலையிலேயே துணிந்தார்.

அக்காலத்தில் பெண்கள் மருத்துவம் பயில்வது உலகில் எங்கும் எளிதாக இல்லை. எலிசபெத் பிளாக்வெல் என்பார் 1849இல் பட்டம் பெற்றதே அமெரிக்க நாட்டில் பெண்ணொருத்தி மருத்துவரானதன் தொடக்கம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது; எனினும், அவ்வாயில் வழியே நுழைந்த இந்தியப் பெண்கள் நெடுங்காலம் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர். பிலடெல்பியா நகரில் பெண்களுக்கென்றே 1850இல் தோன்றிய பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரி பலருக்குப் புகலிடமாயிற்று. மராட்டிய நாட்டிலிருந்து சென்ற ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்றது அங்கேதான். ஐடா 1895இல் சேர்ந்ததும் அக்கல்லூரியிலேயே.

அக்கல்லூரியில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் சிலரும் பயின்றனர். பட்டம் பெறுவது ஒன்று. அப்பட்டத்திற்கு உரிய பணியைப் பெறுவது வேறு என்பதை அவர்கள் வாழ்க்கை காட்டும். கரோலைன் ஆண்டர்சன் என்பார் 1878இல் தேறிப் பாஸ்டன் நகரில் மகளிர் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவராக விண்ணப்பித்தார். அவர்தம் நிறத்தைக் காரணமாகக் கொண்டு குழுவினர் முதலில் மறுத்தனர். அவர் நேரிற் சென்று தம்மைக் காட்டிக்கொண்டபின் வெட்கமுற்று, ஒருமனதாக அவரை ஏற்றனர். பெண்களுக்கு நேர்ந்த தடையை நீக்குவதற்கென எழுந்த மருத்துவமனையே வேறொரு தடையை எழுப்பியது வியப்பிற்குரியதே. ஹாலி டில்லன் என்ற மற்றொருவர் 1891இல் பட்டம் பெற்று, புக்கர் வாஷிங்டன் நடத்திய டஸ்கெகீ கல்வி நிலையத்தின் மருத்துவராக அழைக்கப்பெற்றார். அலபாமா மாநிலம் அவரைப் பத்து நாள் தேர்வெழுதச் செய்த பின்னரே தொழில் செய்ய இசைந்தது. அம்மாநிலத்தில் அவ்வுரிமை பெற்ற முதற்பெண்மணி அவரே.

கார்னெல் பல்கலைக்கழகம் 1898இல் மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பெண்களுக்கும் இடம் அளித்தபோது, ஐடா இறுதியாண்டுப் படிப்பிற்கு அங்கு மாறினார். 1899இல் தேறிய முதல் வகுப்பினருள் அவரும் ஒருவர். வேலூரில் பெண்களுக்கென மருத்துவமனை அமைக்கப் பொருள் திரட்டும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. ஷெல் என்னும் நியூயார்க்கு வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். அந்நன்கொடையுடன் ஐடா 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து சேர்ந்தார்.

வந்த சில மாதங்களில் தந்தையார் மறைந்தார். முதிர்ந்த மருத்துவரிடம் நம்பிக்கை வைத்திருந்த ஊரார், அவர் மகளிடம் உடனே வந்துவிடவில்லை. முப்பது வயதும் நிரம்பாத பெண்ணுக்கு என்ன தெரியும் என்று ஐயுற்றனர். பட்டம் கையில் இருந்தும் நோயாளி இன்றி வாளா இருக்கும் நிலையை ஐடா அம்மையார் தாமே நுகர்ந்தார். வீட்டின் சிற்றறை ஒன்றே அவருடைய மருந்தகம். மருத்துவப் பயிற்சி சிறிதுமற்ற உள்ளூர்ப் பெண் ஒருத்தியே துணை. மெல்ல மெல்ல ஒருவர் இருவராக வரத் தொடங்கி, நாளடைவில் கூட்டம் திண்ணையையும் தோட்டத்தையும் நிறைத்தது. 1902இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அதில் மருத்துவர் அம்மையார் ஒருவரே. அறுவை செய்யும்போது விளக்குப் பிடிக்கவும், கருவிகளை எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டுமே! அதற்கான பெண்களை அவரே பயிற்ற வேண்டியதாயிற்று.

இங்குத்தான் பணிக்கு ஆள் தேடுவதில் உள்ள இடர்ப்பாட்டை அவர் முதன்முதல் உணர்ந்தார். நோயாளியின் புண்ணைத் துடைப்பதும், பேறுகால அழுக்கை அகற்றுவதும் இழிந்த வேலைகள் என்று கருதப்பட்ட காலம் அது. எழுதப்படிக்கத் தெரிந்த பெண்கள் சிலர். அச்சிலருள்ளும் இவ்வேலைக்கு வர இசைவோர் மிகச் சிலர். மகள் நர்சு வேலைக்குப் போவதைக் குடும்பத்திற்குக் குறைவென்றே பெற்றோர் எண்ணினர். அத்தொழிலுக்கு முறையான கல்வியும் சான்றும் அமைந்தாலன்றி மதிப்பு வாராது என அம்மையார் கண்டார். 1909இல் செவிலியர் பயிற்சிப்பள்ளி தொடங்கிற்று. அதுவே 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. நாட்டில் செவிலியருக்குப் பட்டம் அளித்த முதற்கல்வி நிலையங்களுள் ஒன்று என்னும் சிறப்பும் அதற்கு உண்டு.

மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களைத் தேடி அம்மையார் சாலைவழியே சென்றார். முதலில் மாட்டுவண்டி, 1909 முதல் பிரான்சு நாட்டிலிருந்து வந்த சிறு மோட்டார்வண்டி. குதிரையும் மாடும் இன்றி ஓசையிட்டுக்கொண்டு ஓடிவந்த அவ்வண்டியைப் பேயென்று கருதிச் சிற்றூர் மக்கள் வயல்களுக்குள் ஓடி ஒளிந்தனராம். வாரந்தோறும் வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த மரநிழல்களில் வண்டி நிற்கும். அங்குக் கண்ணோயாளரும், சொறிசிரங்கு உற்றோரும், தொழுநோயாளரும், கைக்குழந்தையுடன் தாய்மாரும் காத்திருப்பர். பிற்காலத்தில் மாணவியரும் இப்பயணங்களிற் கலந்துகொண்டனர். அறைக்குள் அமர்ந்து ஏடு பார்த்துக் கற்க முடியாதவற்றைப் புளியமரத்து நிழலில் அவர்கள் கற்றனர்.

எத்துணை விரைந்து உழைத்தாலும் ஒரு பெண்ணின் இரண்டு கைகள் எத்தனை பேருக்கு உதவும்? அமெரிக்காவிலிருந்து ஆண்டுக்கு ஒருவர் இருவர் வருவதால் இக்குறை தீராது. தமிழ் பேசும் பெண்கள், தெலுங்கு பேசும் பெண்கள், இம்மண்ணின் வழக்கங்களை அறிந்த பெண்கள் மருத்துவராதல் வேண்டும். இக்கருத்தை அம்மையார் சில ஆண்டுகளாகவே எடுத்துரைத்து வந்தார். கேட்டவர் பலரும் தலையசைத்தனர். நடவாது என்றும் எண்ணினர். அவர்கள் ஐயத்திற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அக்காலத்தில் பெண்குழந்தைகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயதிலேயே திருமணம் முடிந்துவிடும். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் இயற்றப்பெற்றது. உயர்நிலைப் பள்ளியை முடித்த பெண்களே அரியர். முடித்தவரும் அறிவியற் பாடங்களைக் கற்றிருப்பது அதனினும் அரிது. புதுக்கோட்டையில் முத்துலட்சுமி அம்மையார் ஆண்கள் பயிலும் கல்லூரியில் இடம்பெறுவதற்கு மன்னரின் இசைவே தேவைப்பட்டது. அவர் 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றதை நாடே வியந்து நோக்கியது.

சென்னை மாகாண மருத்துவத்துறையின் தலைமை அதிகாரியை அம்மையார் கண்டு பேசினார். மருத்துவப்பள்ளியில் சேர மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்று அவர் கருதினார். ஆறு பேராவது கிடைத்தால் தொடங்கலாம் என இசைவு தந்தார். விண்ணப்பங்களோ அவர் குறித்த எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு வந்து குவிந்தன. இடமும் ஆசிரியரும் போதாமையால் பெரும்பாலோரை அம்மையாரே வருத்தத்துடன் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மருத்துவம் கற்கும் விருப்பம் பெண்களுக்கு இல்லை என்று அதுவரை பலர் கூறிவந்தனர். வாயில் மூடியிருக்கும் வீட்டிற்கு விருந்தினர் வருவதில்லை என்று கூறுவதைப் போன்றதே அது.

ஐக்கிய மிஷன் மகளிர் மருத்துவப்பள்ளி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவால் திறந்துவைக்கப்பெற்றது. சேர்ந்த மாணவியர் இருபதின்மருக்கும் குறைவு. வாடகைக் கட்டடம், சில நூல்கள், ஓர் எலும்புக்கூடு, மிகச் சில கருவிகள். பள்ளியின் உடைமை பெரும்பாலும் இவ்வளவே. முதல் ஆண்டில் பாடத்தின் பெரும்பகுதியை அம்மையாரே நடத்தினார். காலையில் வகுப்பு, பின் மருத்துவமனை, நடுவில் அறுவை, மாலையில் மீண்டும் வகுப்பு என அவர்தம் நாள் சென்றது.

மாணவியரின் இடர்ப்பாடு அவருடைய இடர்ப்பாட்டிற்குக் குறைந்ததன்று. பாடம் முழுதும் ஆங்கிலம். உடற்கூறு கற்கும்போது பிணத்தைத் தொட்டு அறுத்து ஆராய வேண்டும். பிணத்தைத் தொடுவது தீட்டு எனக் கருதும் நாட்டில் வளர்ந்த இளம்பெண்கள் அவ்வறைக்குள் முதன்முறை நுழைவது எளிய செயலா? சிலருக்கு வீட்டிலிருந்து எதிர்ப்பு; சிலருக்குக் கட்டணம் செலுத்த வகையில்லை. அம்மையாரின் தோழியரான கெர்ட்ரூட் டாடு என்னும் செல்வப் பெண்மணி 1916இல் வேலூருக்கு வந்து அங்கேயே தங்கினார். ஏழை மாணவியர் பலரின் கல்விச்செலவைத் தாமே ஏற்றார். கட்டடத்திற்கு ஈவோரின் பெயர் கல்லில் நிற்கும். மாணவியின் சோற்றுக்கும் நூலுக்கும் ஈந்தவரின் பெயரை அவ்வளவாக எவரும் அறிவதில்லை.

ஓராண்டு கழிந்தது. மாகாணம் முழுவதற்கும் பொதுவான தேர்வு வந்தது. ஆண்கள் பயிலும் பழைய மருத்துவப் பள்ளிகளின் மாணவரோடு வேலூர்ப் பெண்களும் அத்தேர்வை எழுத வேண்டும். அதிகாரி அம்மையாரிடம் இரக்கத்துடனேயே பேசினார். ஆண்களிலேயே பலர் தவறும் தேர்வு அது. முதல் ஆண்டில் எவரும் தேறாவிட்டாலும் மனந்தளர வேண்டா என்பது அவர் அறிவுரை. முடிவு வெளியாயிற்று. ஆடவருள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவரே தேறியிருந்தனர். வேலூரிலிருந்து எழுதிய பதினான்கு பெண்களும் தேறியிருந்தனர். 1922இல் பட்டயம் பெற்று வெளிவந்த முதல் அணியினர் இப்பதினால்வரே.

அவர்கள் முன் இருந்த வழி மலர் பரப்பிய வழி அன்று. அரசின் உயர் மருத்துவ அலுவலைக் கைக்கொண்டிருந்த இந்திய மருத்துவப்பணியில் பெண்களுக்கு இடமே இல்லை. பெண் மருத்துவர்களுக்கென 1914இல் தனியாக ஒரு பணி அமைப்பு ஏற்பட்டிருந்தது. அதன் இடங்கள் மிகச் சில. பல்கலைக்கழகப் பட்டம் இன்றிப் பட்டயம் மட்டும் பெற்றவர், ஆணாயினும் பெண்ணாயினும், துணை உதவி அறுவை மருத்துவர் என்னும் கீழ்ப்படியிலேயே அமர்த்தப்பட்டனர். ஊதியமும் அதற்கேற்பக் குறைவு. ஆகவே, கற்ற பெண்கள் பலர் மிஷன் மருத்துவமனைகளுக்கும், தொலைவிலிருந்த சிற்றூர் மருந்தகங்களுக்கும் சென்றனர். தனியே ஓர் இளம்பெண் ஊருக்குப் புதியவளாக வந்து தங்குவதையே ஐயத்தோடு பார்த்த ஊர்கள் உண்டு. அம்மையார் 1900இல் பட்ட பாட்டை அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் மீண்டும் படவேண்டியிருந்தது.

கல்வி நிலையம் வளர்ந்தது. கீழ்த்திசை நாடுகளில் பெண்களுக்கென நடந்துவந்த ஏழு கல்லூரிகளுக்குப் பொருள் திரட்ட அமெரிக்க மகளிர் முனைந்தனர். அவர்கள் இருபது இலட்சம் டாலர் திரட்டினால் பத்து இலட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறநிதி உறுதி கூறியது. லூசி பீபாடி என்னும் அம்மையார் முன்னின்று அத்தொகையைத் திரட்டினார். அதில் வேலூரின் பங்கு புதிய கட்டடங்களாயிற்று. நகரின் நடுவே பெரிய மருத்துவமனை எழுந்தது. பாகாயத்தில் குன்றுகளுக்கிடையே 1932இல் கல்லூரிக் கட்டடங்கள் அமைந்தன.

இனி எல்லாம் நேராகும் என்று எண்ணிய வேளையில், 1937ஐ ஒட்டி எதிர்பாராத இடையூறு வந்தது. பட்டயப் படிப்பை நிறுத்திவிடுவதென்றும், இனிப் பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகளே மருத்துவரை உருவாக்க வேண்டும் என்றும் சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. மருத்துவக் கல்வியின் தரம் உயரவேண்டும் என்பதே அம்முடிவின் நோக்கம். நோக்கத்தைக் குறை கூற முடியாது. நோயாளியின் உயிர் மருத்துவரின் கையில் இருப்பதால், அரைகுறைக் கல்வி தீங்கு தரும். ஆனால், பட்டக் கல்லூரியாவதற்கு மேலும் பல படுக்கைகளும், ஆய்வுக்கூடங்களும், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களும் வேண்டும். இருபது ஆண்டுகளே ஆன, நன்கொடையால் வாழும் மகளிர் பள்ளிக்கு அவற்றை உடனே பெறுதல் எவ்வாறு இயலும்? புதிய மாணவியரைச் சேர்ப்பது நின்றது.

இதனை ஒத்த நிகழ்ச்சி அமெரிக்காவில் முன்பே நடந்திருந்தது. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்பார் 1910இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். தரங்குறைந்த கல்லூரிகள் பல மூடப்பட்டன. மருத்துவக் கல்வி மேன்மையுற்றது. ஆனால், கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளுள் ஹாவர்டு, மெஹாரி என்னும் இரண்டே எஞ்சின. வெள்ளையர் கல்லூரிகளில் தமக்கு இடம் கிடைக்காத அவ்வினத்து இளைஞர் பலர்க்கு மருத்துவராகும் வழியே அடைபட்டது. தரத்தை உயர்த்தும் ஆணை, அண்மையில்தான் உள்ளே வந்தவரை முதலில் வெளியேற்றிவிடும் இயல்புடையது. உயர்ந்த படியில் ஏறுவதற்கு ஏணியும் உடன் தரப்பட்டாலன்றி இது நேராமற் போகாது.

அந்த ஏணியைத் தேடும் பணி ஐடா அம்மையாரைச் சேர்ந்தது. அப்போது அவருக்கு ஏறத்தாழ எழுபது வயது. ஓய்வு கொள்ளவேண்டிய பருவத்தில் 1941இல் அமெரிக்கா சென்றார். உலகப்போர் மூண்டிருந்த அக்காலத்தில் ஊர் ஊராகச் சென்று பேசினார். கூட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் வேலூரின் தேவையை எடுத்துரைத்தார். பொருள் திரட்டுவதினும் கடினமான சிக்கல் ஒன்றும் எழுந்தது. கல்லூரி பிழைக்க வேண்டுமாயின் பல திருச்சபைகளின் ஒருங்கிணைந்த உதவி வேண்டும். அவ்வுதவி கிடைக்க வேண்டுமாயின் ஆண் மாணவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கென்று பெண்கள் ஈந்த பொருளால் எழுந்த கல்லூரி இது. இதில் ஆண்களுக்கு இடமளித்தல் முறையன்று என்று லூசி பீபாடி உள்ளிட்ட பழைய நண்பர்கள் எதிர்த்தனர். அவர்கள் வாதத்தில் நேர்மை இருந்தது. ஆண்களுக்கு வேறு கல்லூரிகள் உள. பெண்களுக்கென உள்ளவையோ மிகச் சிலவே என்பதை அவர்கள் மறக்கவில்லை. அம்மையாரும் நெடிது எண்ணி, கல்லூரி மூடப்படுவதினும் கதவு அகலத் திறக்கப்படுவது மேல் என்ற முடிவுக்கு வந்தார். அதனால் நெடுநாளைய நட்புக்கு நேர்ந்த பிளவு அவர்க்குத் துயர் தந்தது.

1942இல் சென்னைப் பல்கலைக்கழகம் கல்லூரியைத் தன்னோடு இணைத்துக்கொள்ள இசைந்து, பட்டப்படிப்புத் தொடங்கிற்று. பட்டயத்துடன் நின்றிருந்த பெண் மருத்துவர் சிலர் மீண்டும் மாணவியராகி, நரை தோன்றும் பருவத்தில் பட்டம் பெற்று வந்தனர். 1947இல் முதன்முறையாக ஆண் மாணவர் சேர்க்கப்பெற்றனர். பெண்களின் கூட்டத்தில் அவ்விளைஞர் சிறு தொகையினராக நின்றமை அன்றைய இந்தியாவில் வேறெந்த மருத்துவக் கல்லூரியிலும் எளிதிற் காணமுடியாத காட்சி. 1950இல் இணைப்பு நிலையானதாயிற்று.

அம்மையார் 1946இல் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் கல்லூரித் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் பெண்மணி. விசாகப்பட்டினத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, மகளிர் மருத்துவப் பணியில் நியமனம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெயர் படைத்தவர் அவர். 1918இல் மூன்று பெண்களாவது விண்ணப்பிப்பரோ என்று ஐயுற்ற அதே மாகாணத்தில், முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு மருத்துவக் கல்லூரியின் தலைமை நாற்காலியில் இந்தியப் பெண் அமர்ந்தார்.

முதுமையில் அம்மையார் கோடைக்கானலில் தமக்கிருந்த இல்லத்திலும் வேலூரிலுமாகக் காலம் கழித்தார். பூச்செடி வளர்ப்பதிலும் டென்னிசு ஆடுவதிலும் அவருக்கு இருந்த விருப்பம் நெடுநாள் குறையவில்லை. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதப்பட்ட கடிதம் ஒன்று தவறாமல் அவர் கையை வந்து அடைந்ததாம்.

1954இல் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்பின் கீழ் உணர்விழந்தார். நடக்க இயலாத பெண்ணுக்கு அறுவைக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்பதே உலக வழக்கு. வேலூரிலோ, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தும் பணியில் அவர் அமர்த்தப்பெற்றார். ஐடா அம்மையார் 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 89ஆம் வயதில் கோடைக்கானலில் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்துப் பாகாயத்தில் உடற்குறையுற்றோர்க்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. அமெரிக்காவில் அத்துறையைக் கற்றுத் திரும்பியிருந்த மேரி வர்கீஸ் அதனை நடத்தினார். மரத்திலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்து கால் இழந்த உழவரும் கூலியாட்களும் அங்கு வந்து, அமர்ந்த நிலையிலேயே செய்யத்தக்க தொழில்களைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினர்.